இந்தோனேசியாவில் காணத்தக்கது எது?

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் நம்மவரிடையே பிற நாடுகளுக்குச் சென்று வரும் வழக்கம் நாளுக்கு நாள் பெருகி வருகின்றது. இது வரவேற்கத்தக்கதே. கிணற்றுத் தவளையாய்க் கிடந்து, தன் ஊரே உலகம் என்றெண்ணிக் காலம் கழிப்பதினும், கடல் கடந்து சென்று நாலு மனிதரைக் கண்டு, நாலு பேச்சைக் கேட்டு, அறிவை விரிவு செய்துகொள்வது எவ்வளவோ மேலானது. ஆயினும், இப்பிரயாணங்களுக்கு நம்மவர் எவ்விடங்களைத் தெரிந்தெடுக்கின்றனர், என்ன காரணம் பற்றித் தெரிந்தெடுக்கின்றனர் என்று சற்று ஊன்றி நோக்குவோமாயின், மகிழ்ச்சிக்கு இடம் குறைந்து வருத்தத்திற்கே இடம் மிகுகின்றது. நமக்கு அண்டை வீடாக அமைந்த இந்தோனேசியாவையே இதற்கு உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

அந்நாடு 17,000க்கு மேற்பட்ட தீவுகளை உடையது. மேற்குக் கோடியிலிருந்து கிழக்குக் கோடிவரை 5,000 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடப்பது. 27 கோடிக்கு மேற்பட்ட மக்கள் 700க்கு மேற்பட்ட மொழிகளைப் பேசி அங்கே வாழ்கின்றனர். இத்துணைப் பரந்த நாட்டிற்குப் புறப்படும் நம்மவரை நோக்கி, "எங்கே போகிறீர்கள்?" என்று வினவினால், பெரும்பாலோர் தரும் விடை ஒன்றே: "பாலிக்கு." ஏன் பாலிக்கு? "எல்லோரும் அங்கேதான் போகிறார்கள்." இதற்கு மேல் ஒரு காரணம் கேட்போமாயின், கேட்டவர் மேல் கோபம் வருகின்றதேயன்றிக் காரணம் வருவதில்லை.

எல்லோரும் போகிறார்கள் என்பது மெய்தான். 2019ஆம் ஆண்டில் இந்தோனேசியாவிற்கு வந்த பிறநாட்டார் ஒரு கோடியே 60 லட்சம் பேர். அவர்களுள் 60 லட்சத்திற்கு மேற்பட்டோர் நேரே பாலியிற் சென்று இறங்கினர். அந்நாட்டு நிலப்பரப்பில் முந்நூறில் ஒரு பங்குக்கும் குறைந்த ஒரு தீவின்மேல் இத்தனை பேர் விழுகின்றனர்! மற்ற முந்நூறு பங்கிலும் மனிதர் இல்லையா, மலை இல்லையா, கடல் இல்லையா, கற்றுக்கொள்ளத்தக்க சரித்திரம் இல்லையா என்று கேட்கின்றோம்.

பாலியைப் பழிப்பது நம் கருத்தன்று. அது காணத்தக்க தீவே. ஆனால், சென்று வந்தோர் கண்டதென்ன? நெல்வயலுக்கு ஆற்றுநீரைப் பங்கிட்டுக்கொள்ள அத்தீவின் உழவர் தமக்குள் ஏற்படுத்திக்கொண்ட 'சுபாக்' என்னும் கூட்டுமுறை பல நூற்றாண்டுப் பழமை உடையது. மேல்மடைக்காரன் நீர் முழுவதையும் தானே வைத்துக்கொள்ளாமல், கடைமடைக்காரனும் பயிர் செய்து பிழைக்கும்படி, உழவரே கூடிப் பேசி முறை வகுத்துக்கொள்கின்றனர். 2012ஆம் ஆண்டில் யுனெஸ்கோ சபையார் இதனை உலக மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றனர். நம்மவரோ, அவ்வயல்களின்மேல் ஊஞ்சல் கட்டி ஆடிப் படம் பிடித்துக்கொண்டு திரும்புகின்றனர். படத்தில் வயல் இருக்கின்றது. அவ்வயலுக்குத் தண்ணீர் விட்டவன் இல்லை.

அன்றியும், இத்தீவு எவ்வாறு உலகத்தார்க்கு உல்லாசத் தீவாயிற்று என்பதை அறிந்தோர் எத்தனை பேர்? 1906ஆம் ஆண்டு செப்டம்பர் 20ஆம் நாள் டென்பசார் நகரில், டச்சுப் படையின் துப்பாக்கிகளுக்கு எதிரே, பாடுங் அரசனும் அவன் சுற்றத்தாரும் குடிகளும் வெள்ளுடை உடுத்து, அடிமையாய் வாழ்வதினும் மாய்வதே மேல் என்று நடந்து சென்று மடிந்தனர். 1908ஆம் ஆண்டில் குளுங்குங்கிலும் அவ்வாறே நிகழ்ந்தது. அந்த இரத்தம் காய்ந்த சில ஆண்டுகளுக்குள் டச்சு ஆட்சியார் அதே தீவை அழகின் இருப்பிடம் என்று விளம்பரம் செய்து, கப்பலேறி வரும் கனவான்களை அழைக்கத் தொடங்கினர். ஆகவே, "நாங்கள் தெரிந்தெடுத்தோம்" என்று நம்மவர் மார்தட்டிச் சொல்லும் இடம், ஆள வந்தவன் நூறாண்டுக்கு முன் நமக்காகத் தெரிந்தெடுத்து வைத்துப்போன இடமே. மக்கள் மடிந்த அந்தத் திடல் டென்பசார் நகரின் நடுவே இன்றும் இருக்கின்றது. கடற்கரைக்குச் செல்லும் வண்டியை அங்கே ஒரு நாழிகை நிறுத்தச் சொன்னவர் யார்?

வீண் பெருமை

நிற்க. நம்மவருள் மற்றொரு சாராரும் உளர். இவர்கள் கடற்கரைக் கூத்தை இழிவாகக் கருதுவோர். படித்தவர் என்று சொல்லிக்கொள்வோர். இவர்கள் ஜாவாவிற்குச் சென்று பொரொபுதூரையும் பிரம்பனானையும் காண்கின்றனர். கண்டு வந்து, "பார்த்தீரா, நம் சோழன் கைவண்ணம்!" என்று கூட்டங்களிற் பேசுகின்றனர். இப்பேச்சு பிழையானது. பொரொபுதூர் எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டுகளில், சைலேந்திர மரபினர் காலத்தில், ஜாவா மக்கள் எழுப்பியது. இராசேந்திர சோழனின் கப்பற்படை இத்திசைக்கு வந்தது 1025ஆம் ஆண்டில். அதாவது, அக்கட்டடம் எழுந்து ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கழித்து. பிரம்பனானும் அப்படையெடுப்புக்கு முற்பட்டதே. பிறன் கட்டிய வீட்டு வாசலில் நின்றுகொண்டு, "என் பாட்டன் கட்டியது" என்று சொல்வது பெருமையா, சிறுமையா?

அச்சோழன்தான் இங்கே செய்ததென்ன? தஞ்சைக் கல்வெட்டே அதைச் சொல்லுகின்றது. கடாரத்து அரசனை யானைகளோடு பிடித்ததையும், குவித்து வைத்திருந்த நிதியைக் கவர்ந்ததையும், ஸ்ரீவிஜயத்தின் வாயில் தோரணத்தைக் கொண்டதையும் அது வரிசையாகக் கூறுகின்றது. கொள்ளைக் கணக்கை வாசித்துப் பூரிப்பதற்கு நாம் கப்பலேற வேண்டியதில்லை. அதே சுமத்ராவின் மேற்குக் கரையில், கற்பூரத்திற்குப் பேர்போன பாருஸ் துறையில், 1088ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டொன்று கண்டெடுக்கப்பட்டது. அது திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் கூட்டத்தார் பொறித்தது. துறைக்கு வரும் கப்பல்காரர் செலுத்தவேண்டியதைப் பற்றிப் பேசுவது. வாளோடு வந்தவனைப் பாடுவோர், தராசோடு வந்து அம்மக்களோடு கலந்து வாழ்ந்தவனை ஏன் பாடுவதில்லை? கலந்து வாழ்ந்ததின் அடையாளம் இன்றும் அழியவில்லை. சுமத்ராவின் காரோ மலைநாட்டில், செம்பிரிங் என்னும் பெருங்குலத்தாரின் கிளைப்பெயர்களுள் சோலியா, பாண்டியா என்பனவும் உள்ளன.

பொரொபுதூரிலேயே நம்மவர் காணாதது ஒன்றுண்டு. அதன் அடித்தளத்தைச் சுற்றி 160 சிற்பப் பலகைகள் கற்சுவரால் மூடப்பட்டுக் கிடக்கின்றன. 1885ஆம் ஆண்டில் இவை இருப்பது தெரியவந்தது. படமெடுத்தபின் மீண்டும் மூடிவிட்டனர். தென்கிழக்கு மூலையில் மட்டும் சில பலகைகளை இன்றும் காணலாம். அவற்றில் இருப்போர் உழுபவரும், மீன் பிடிப்பவரும், சமைப்பவரும், சண்டையிடுபவருமாகிய சாமானிய மக்கள். மேலே ஏறும் அவசரத்தில் நம்மவர் அம்மூலையைக் கடந்து போய்விடுகின்றனர். உச்சியிலிருப்பதை மட்டும் பார்த்து அடியிலிருப்பவனை மறக்கும் புத்தி, ஊரிலிருந்து நாம் கொண்டு சென்ற புத்தியே போலும்!

டெலியை அறிவீரா?

இனி, நமக்கு நேரே உறவுடைய ஓரிடத்தைக் கூறுவோம். பினாங்குக்கு எதிரே, மலாக்கா நீரிணையின் மறுகரையில், மேடான் நகரம் இருக்கின்றது. கோலாலம்பூரிலிருந்து விமானத்தில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் போய்ச் சேரலாம். அந்நகரைச் சூழ்ந்த நிலப்பகுதிக்கு டெலி என்று பெயர். 1863ஆம் ஆண்டில் யாகோபுஸ் நீன்ஹாய்ஸ் என்னும் டச்சுக்காரர் அங்கே வந்து புகையிலை பயிரிடத் தொடங்கினார். சுருட்டின் மேலே சுற்றுவதற்கு டெலி இலைக்கு நிகரான இலை இல்லை என்று ஐரோப்பாச் சந்தையில் பெயர் பரவவே, காடுகள் அழிந்தன, தோட்டங்கள் பெருகின, கம்பெனிகள் கொழுத்தன. உழைப்பதற்கு ஆள் வேண்டுமே! சீனரும் ஜாவாக்காரரும் பல்லாயிரக்கணக்கில் கொண்டுவரப்பட்டனர். அவர்களோடு, பினாங்கு வழியாகத் தமிழரும் கொண்டுபோகப்பட்டனர். ரோட்டுப் போடவும், கால்வாய் வெட்டவும், மாட்டுவண்டி ஓட்டவும் நம் பாட்டன்மாரின் உடன்பிறந்தார் அங்கே பயன்பட்டனர்.

1880ஆம் ஆண்டில் டச்சு ஆட்சியார் கூலிகளுக்கென்று ஒரு சட்டம் செய்தனர். ஒப்பந்தக் காலம் முடியுமுன் தோட்டத்தை விட்டு ஓடினவனும், வேலை செய்ய மறுத்தவனும் குற்றவாளியாகத் தண்டிக்கப்படலாம் என்பது அச்சட்டம். 1902ஆம் ஆண்டில் மேடானில் வழக்கறிஞராயிருந்த வான் டென் பிராண்ட் என்பவர், அங்கு நடந்த கொடுமைகளை ஒரு சிறு நூலில் எழுதி டச்சு மக்களின் மனச்சாட்சியைத் தட்டினார். விசாரணைக்கு அனுப்பப்பட்ட ரெம்ரெவ் என்னும் அதிகாரி 1904ஆம் ஆண்டில் தம் அறிக்கையைக் கொடுத்தார். அறிக்கை என்னவாயிற்று? அச்சேறவில்லை. பெட்டியிற் பூட்டி வைக்கப்பட்டது. யான் பிரேமன் என்னும் ஆராய்ச்சியாளர் 1987ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டபோதுதான் உலகம் அதை முழுமையாகப் படித்தது. சவுக்கடி பட்டவனும் இல்லை, அடித்தவனும் இல்லை; எண்பது ஆண்டு கழித்துக் காகிதம் மட்டும் பேசிற்று!

மேடானில், முன்னாளில் கம்போங் கெலிங் என்றும் இப்போது கம்போங் மதராஸ் என்றும் வழங்கும் பகுதி உள்ளது. அங்கே 1884ஆம் ஆண்டில் எழுந்த மாரியம்மன் கோயில் இருக்கின்றது. அதைக் கட்டியவர் அரசரல்லர், செட்டரசருமல்லர்; கடல் கடந்து வந்து பிழைத்த தமிழரே. அவர்கள் வழிவந்தோர் இன்றும் அந்நகரில் வாழ்கின்றனர். அதே நகரில் டெலி சுல்தானின் மைமூன் அரண்மனை 1891ஆம் ஆண்டில் கட்டி முடிந்தது. புகையிலைப் பணம் எங்கே மாளிகையாயிற்று, எங்கே முதுகின் தழும்பாயிற்று என்பதை ஒரே நாளில், ஒரே ஊரில், நடந்தே கண்டு வரலாம்.

பால்மரக்காட்டு லயங்களிற் பிறந்து வளர்ந்தோரின் மக்களே! உங்கள் பாட்டன் ஒரு கப்பலில் ஏறினான். அது பினாங்கில் நின்றது. அவன் தம்பி வேறொரு கப்பலுக்கு மாற்றப்பட்டான். அது டெலிக்குப் போயிற்று. இவ்வளவே வேறுபாடு. அத்தம்பியின் பேரப்பிள்ளைகள் ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்க, அவர்களை ஒரு முறையேனும் கண்டு நலம் விசாரியாமல், அவர்கள் தலைமேலாகப் பறந்து சென்று பாலியில் இறங்குகின்றோமே, இது தகுமா?

உழைப்பின் தடங்கள்

டெலி ஒன்றுதான் என்பதில்லை. சுமத்ராவின் மேற்கே சாவாலுந்தோ என்னும் மலையூரில் நிலக்கரிச் சுரங்கம் உண்டு. கைதிகளின் காலிற் சங்கிலி பூட்டி அங்கே கரி வெட்டச் செய்தனர். 'ஓராங் ராந்தாய்', அதாவது சங்கிலி மனிதர், என்பதே அவர்களுக்கு வழங்கிய பெயர். அச்சுரங்கமும் அதன் இரயில் பாதையும் 2019ஆம் ஆண்டில் உலக மரபுச் செல்வமாயின. சுரங்கத்தின் ஒரு பகுதியில் இறங்கிப் பார்க்கவும் வழியுண்டு.

கிழக்கே பண்டாத் தீவுகள். ஜாதிக்காய் வேறெங்கும் விளையாதிருந்த காலத்தில், அதன் வாணிகம் முழுவதையும் தானே கைக்கொள்ள எண்ணி, யான் பீட்டர்சூன் கூன் என்னும் டச்சுத் தலைவன் 1621ஆம் ஆண்டில் படை நடத்தினான். 15,000 அளவில் இருந்த குடிகளுள் ஏறத்தாழ ஆயிரம் பேரே எஞ்சினர் என்பது சரித்திர ஆசிரியர் மதிப்பு. அத்தீவுகளுள் ஒன்றாகிய ரூன் மீது ஆங்கிலேயர் கொண்ட உரிமையை விட்டுக்கொடுத்து, அமெரிக்காவின் மன்ஹாட்டன் தீவை வைத்துக்கொண்டது 1667ஆம் ஆண்டின் பிரெடா உடன்படிக்கையில். பிற்காலத்தில் இந்தோனேசிய விடுதலைத் தலைவர்களாகிய ஹத்தாவும் ஷாஹ்ரீரும் 1936 முதல் 1942 வரை நாடுகடத்தப்பட்டு வாழ்ந்ததும் அங்கேதான். சிறைவாசத்திலும் அவர்கள் அவ்வூர்ச் சிறுவர்க்குப் பாடம் சொல்லிக் கொடுத்தனர்.

ஜாவாவின் வடகரையில் ஜெபாரா. 1879ஆம் ஆண்டில் பிறந்து, பன்னிரண்டு வயதிற்குப் பின் பள்ளிக்கு அனுப்பப்படாது வீட்டிற்குள் அடைக்கப்பட்டு, அச்சுவருக்குள்ளிருந்தே கடிதம் எழுதிப் பெண்கல்விக்கு வழி கேட்ட கார்த்தினி அம்மையார் வாழ்ந்த ஊர் அது. அவர் 1904ஆம் ஆண்டில், 25ஆம் வயதில், மகப்பேற்றை அடுத்து மறைந்தார். கடிதங்கள் 1911ஆம் ஆண்டில் நூலாயின. குடும்பத்தோடு பிரயாணம் செய்வோர், போகுமிடத்தை ஆண்களே குறிப்பதை விட்டு, பெண்மக்கள் கையில் ஒருமுறை நாட்டுப்படத்தைக் கொடுத்துப் பார்ப்பார்களாக. அவர்கள் ஜெபாராவைச் சுட்டுவார்கள் என்றே நம்புகின்றோம்.

இவ்விடங்களுக்குச் செல்லும்போதும் ஓர் எச்சரிக்கை வேண்டும். கிழக்கு ஜாவாவின் ஈஜென் எரிமலையில், எழுபது கிலோவும் அதற்கு மேலும் கந்தகத்தைக் கூடைகளிற் காவுதடியால் சுமந்து ஏறும் தொழிலாளரைக் காணப் பலர் போகின்றனர். மூச்சிரைக்க வருபவனை வழிமறித்து நிறுத்திப் படம் எடுக்கின்றனர். உழைப்பவனைக் காண்பது வேறு. உழைப்பவனைக் காட்சிப்பொருளாக்குவது வேறு. வழிவிட்டு நின்று, அவன் சுமை இறக்கிய பின் பேசி, அவன் கூலி என்ன, பிள்ளைகள் படிக்கின்றனரா என்று கேட்டு அறிபவனே பார்க்கச் சென்றவன்.

ஆட்சேபங்கள்

"ஓய்வுக்காகப் போகின்றோம், அங்கேயும் துயரக் கதையா?" என்பர் சிலர். ஓய்வை யார் வேண்டாம் என்றார்? மேடானிலிருந்து மலை ஏறினால் தோபா ஏரி. ஏறத்தாழ 74,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்த எரிமலையின் வாயில் நிறைந்த நீர் அது. நீளம் சுமார் 100 கிலோமீட்டர். அக்கரையில் அமர்ந்து வேண்டுமட்டும் ஓய்வு கொள்ளலாம். பண்டாக் கடலின் தெளிவு எந்தக் கடலுக்கும் குறைந்ததன்று. அழகும் அறிவும் ஒன்றுக்கொன்று பகையென்று எண்ணுவதே பிழை.

"நாள் குறைவு, ஆகவே ஐந்து நாளில் ஐந்து ஊர் பார்த்தாக வேண்டும்" என்பர் வேறு சிலர். நாள் குறைவாயின் ஊரையல்லவோ குறைக்க வேண்டும்? ஐந்து நாளில் ஐந்து ஊர் கண்டவன் கண்டது ஐந்து விமான நிலையம். ஒரு தீவு, அதில் இரண்டு ஊர். அங்கே காலையிற் கடைத்தெரு, மாலையில் பேச்சுத்துணை. ஒரு பயணத்திற்கு இது போதும்.

"அங்கே வசதி இல்லை, நம்மை யார் புரிந்துகொள்வார்?" என்பது மூன்றாவது. இந்தோனேசிய மொழி மலாயிலிருந்து வளர்ந்தது. மலேசியப் பள்ளியிற் படித்த தமிழர் எவரும் மேடான் சந்தையில் முதல் நாளே பேசலாம். பாதி உலகம் சுற்றி வரும் ஐரோப்பியனுக்கு இல்லாத திறவுகோல் நம் கையில் இருக்கின்றது. அதை வைத்துக்கொண்டு, ஆங்கிலம் பேசும் ஹோட்டல் வாசலைத் தாண்டாமல் திரும்புவது, விளக்கைக் கையிற் பிடித்துக்கொண்டு இருட்டிற் தடுமாறுவதை ஒக்கும்.

ஆகவே, இந்தோனேசியாவிற்குப் புறப்படும் அன்பர் ஒவ்வொருவரும் சீட்டு வாங்குமுன் தம்மைத் தாமே மூன்று கேள்வி கேட்டுக்கொள்வார்களாக. அவ்விடத்தை உண்டாக்க உழைத்தவர் யார் என்று அங்கே தெரிந்துகொள்ள முடியுமா? அவ்வூரார் ஒருவரோடேனும் உட்கார்ந்து பேச நமக்கு நேரம் இருக்குமா? நாம் செலவிடும் வெள்ளி அவ்வூர்க் குடும்பங்களின் கையில் சேருமா, எங்கோ இருக்கும் முதலாளியின் கணக்கில் சேருமா? இம்மூன்றிற்கும் தக்க விடை தரும் ஊர் எதுவோ அதுவே காணத்தக்க ஊர். பாலியிலேயே அத்தகைய ஊர் கிடைக்குமாயின் பாலிக்கே செல்லட்டும், தடையில்லை.

சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. ஆண்டுதோறும் உறுப்பினரை வண்டி வண்டியாக ஏற்றிச் சென்று கடைவீதி காட்டித் திரும்பும் வழக்கத்தை விடுங்கள். வரும் பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை மேடானுக்கு அழைத்துச் செல்லுங்கள். கம்போங் மதராஸில் ஒரு முதியவரைத் தேடி, உம் பாட்டனார் எந்த ஊரிலிருந்து, எந்தத் தோட்டத்திற்கு வந்தார் என்று பிள்ளைகளே கேட்கட்டும். அவர் சொல்வதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு வரட்டும். டெலித் தமிழரின் சரித்திரத்தை வேறு எவரும் வந்து நமக்கு எழுதிக் கொடுக்கப் போவதில்லை.